பெரோசினின் இரண்டு கோடுகள்

பெரோசின் ஆரஞ்சு நிறப் படிகம். நடுவில் ஓர் இரும்பு அணு. மேலும் கீழுமாக ஐந்து கார்பன் கொண்ட இரண்டு வளையங்கள். 1951-இல் இதை அறிவித்த கீலியும் பாசனும் வேறொரு வடிவத்தைத்தான் ஊகித்திருந்தார்கள். அடுத்த ஆண்டே சரியான வடிவம் தெரிந்துவிட்டது. அதைச் சொன்னவர்களில் வில்கின்சனுக்கும் பிஷருக்கும் 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வடிவம் தெரிந்தால் போதுமா? பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரான்கள் இரும்பின் பக்கமா, வளையத்தின் பக்கமா? இந்தக் கேள்வியை இரும்பின் அணுக்கருவிடமே கேட்கும் கருவி ஒன்று உண்டு: மாஸ்பவர் நிறமாலைமானி.

கோபால்ட்-57 சிதைந்து உண்டாகும் இரும்பு அணுக்கரு காமா கதிரை வெளியிடும். மாதிரியில் உள்ள இரும்பு அதை விழுங்க வேண்டும். ஆனால் படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் நகர்வதுபோல, தனி அணு கதிரை விடும்போது பின்வாங்கும். அதில் கதிரின் ஆற்றல் சிறிது குறைந்துவிடும். படிகத்துக்குள் இருக்கும் அணு அப்படி நகர முடியாது, உதையை முழுப் படிகமும் வாங்கிக்கொள்கிறது. மாதிரி திடப்பொருளாக இருக்க வேண்டியது இதனால்தான். பெரோசின் போன்றவற்றைத் திரவ நைட்ரஜனால் குளிரவைத்தால் பதிவு இன்னும் தெளிவாகும். படிகத்துக்குள் அணு பின்வாங்காத இந்த விளைவை 1958-இல் கண்டறிந்து வெளியிட்ட ருடால்ப் மாஸ்பவருக்கு மூன்றே ஆண்டுகளில் நோபல் வந்தது.

கோபால்ட் மூலத்தை விநாடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைப்பார்கள். அந்த அற்ப அசைவே கதிரின் ஆற்றலைத் தேவையான அளவு மாற்றிவிடும். மாதிரி கதிரை விழுங்கும் வேகங்களில் வரைபடத்தில் பள்ளம் விழும். பெரோசினை வைத்தால் இரண்டு பள்ளங்கள். இடைவெளி விநாடிக்குச் சுமார் 2.4 மில்லிமீட்டர். இரும்பைச் சுற்றி எலக்ட்ரான்கள் எல்லாத் திசையிலும் ஒரே சீராக இல்லை என்பதே அதன் பொருள். ஓர் எலக்ட்ரானைப் பறித்து நீல நிறப் பெரோசினியம் ஆக்கினால் அந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். போன எலக்ட்ரான் பெரும்பாலும் இரும்பின் பங்கிலிருந்தே போனது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு பெரோசின்களை ஒரே பிணைப்பால் சேர்த்து ஓர் எலக்ட்ரானை எடுத்தால்? அத்தகைய உப்புகள் பலவற்றில் அகன்ற ஜோடியும் குறுகிய ஜோடியும் சேர்ந்தே தெரிகின்றன: ஓர் இரும்பு இழந்தது, மற்றது இழக்கவில்லை. வளையங்களை மேலும் கீழும் இரண்டு இடங்களில் இணைத்த சேர்மத்திலோ இரண்டு இரும்பும் ஒன்றுபோல் தெரியும். அங்கே இழப்பு இருவருக்கும் பொது.

எல்லா உலோகத்துக்கும் இந்த வழி செல்லாது. இரும்பும் வெள்ளீயமும் இதற்கு மிகவும் தோதானவை. கரிம உலோக வேதியியல் படிக்கும் மாணவர்களே, பெரோசினின் வடிவத்தை வரைந்ததோடு நிறுத்திவிடாமல், அதன் மாஸ்பவர் வரைபடத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.