வாழ்த்துக்குப் பின் ஒரு வரி

வளைகுடா நாடுகளில் இந்தியத் தூதர்களின் புத்தாண்டுச் செய்திகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: வாழ்த்து, ஊருக்கு அனுப்பும் பணத்துக்குப் பாராட்டு, உள்ளூர்ச் சட்டத்தை மதிக்க அறிவுரை. 'தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்' என்ற வரி கடைசியில் ஒதுங்கி நிற்கும். தொழிலாளிக்கு முக்கியம் அதுதான். 1990இல் இராக் குவைத்தைப் பிடித்தபோது சுமார் 1,70,000 இந்தியர்களை நாட்டுக்கு அழைத்துவர நேர்ந்தது. பெரும்பாலோர் ஜோர்டானின் அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்களில் வந்தார்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம் சிக்கியதால் தவித்தவர்கள் பலர்.

2009இல் தொடங்கிய இந்திய சமுதாய நல நிதியிலிருந்து, கையில் காசில்லாதவருக்குத் தூதரகமே விமான டிக்கெட் எடுத்துத் தரலாம். ஆனால் யாராவது வந்து கேட்கவேண்டும். குவைத்தில் கட்டடத் தொழிலாளிக்கு ஓய்வு வெள்ளிக்கிழமை. தூதரகத்துக்கும் அன்றுதான் விடுமுறை.