ஃபேரிங் கிர்ர்ர்னு அதிருதா? புது பைக் லோன் போடறதுக்கு முன்னாடி ஒரு 500 ரூபாய் ஒதுக்குங்க

பழைய கரிஸ்மா, பல்சர் 220, முதல் மாடல் ஆர்15 மாதிரி ஒரு வண்டி உங்ககிட்ட இருக்கா? அண்ணன் ஓட்டினதோ, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதோ? அப்போ இந்தச் சத்தம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நாப்பதுல போகும்போது ஒண்ணுமே இல்ல. ஐம்பத்தஞ்சைத் தொட்டதும் முன்பக்கம் கிர்ர்ர்னு ஆரம்பிக்கும். எழுபதுக்கு மேல போனா காணாமப் போயிடும்.

ரெண்டு மாசம் அதைக் கேட்டுக்கிட்டே ஆபீஸ் போனா, 'வண்டி அவ்ளோதான், இன்கிரிமென்ட்தான் வந்துடுச்சே, புதுசு எடுத்துடலாம்'னு மனசு சொல்ல ஆரம்பிச்சுடும். கணக்கைப் பாருங்க. 1,50,000 ரூபாய் லோன், 11% வட்டி, 36 மாசம்னு வச்சுக்கிட்டா ஈஎம்ஐ சுமார் 4,910 ரூபாய். வட்டி மட்டும் கிட்டத்தட்ட 26,800. டவுன் பேமென்ட் தனி. புது டூவீலருக்கு 5 வருஷத்துக்கான தேர்டு பார்ட்டி பிரீமியத்தையும் மொத்தமா முதல்லயே கட்டணும். ஆசைப்பட்டு புது வண்டி எடுத்தா அது உங்க இஷ்டம், நான் குறுக்க வரல. ஒரு சத்தத்துக்காக எடுக்காதீங்க.

இந்தச் சத்தம் ஏன் வருது? ஸ்கூல்ல ஒத்ததிர்வுன்னு படிச்சிருப்பீங்களே, அதேதான். எந்தப் பொருளுக்கும் தனக்குன்னு ஒரு அதிர்வு வேகம் உண்டு. இன்ஜின் சுத்துற வேகம் அதோட ஒத்துப்போற இடத்துல பிளாஸ்டிக் துடிக்கும், தாண்டிட்டா அடங்கிடும். அந்தத் துடிப்பு ஃபேரிங்குக்குப் போகாம வாங்கிக்கத்தான் ஸ்க்ரூ போற ஓட்டைகள்ல ரப்பர் புஷ் வச்சிருக்காங்க. பத்து வருஷ வெயில்ல அது கல்லு மாதிரி ஆகிடும். கூடவே சர்வீஸ்ல கழட்டி மாட்டும்போது ஒரு ஸ்க்ரூ, ஒரு வாஷர், ஒரு காலர் காணாமப் போயிருக்கும். பழைய வண்டியில இது ரொம்ப சகஜம்.

முதல்ல சத்தம் எங்கேன்னு கண்டுபிடிக்கணும். இதுக்குக் காசே வேணாம், ஒரு ஃப்ரெண்ட் போதும். வெட்டவெளியில ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரல்ல, அவரை மெதுவா த்ராட்டிலை ஏத்தச் சொல்லுங்க. சத்தம் வர்ற இடத்துல அப்படியே பிடிக்கணும். நீங்க வைசர், ஹெட்லைட் ஓரம், சைடு பேனல், கண்ணாடி அடிப்பகுதின்னு ஒவ்வொரு இடமா உள்ளங்கையால அழுத்துங்க. எங்க அழுத்தினா சத்தம் நிக்குதோ அங்கதான் விஷயம். சில சமயம் ஃபேரிங்கே காரணமா இருக்காது. லூஸான நம்பர் பிளேட், உள்ள தொங்குற ஒயர் கனெக்டர்னு ஏதாவது இருக்கும். நின்ன இடத்துல ரொம்ப நேரம் முறுக்காதீங்க, இன்ஜின் சூடாகும். ரோட்டுல ஓட்டிக்கிட்டே கையை விட்டு அழுத்திப் பார்க்கறது வேண்டவே வேண்டாம்.

இடம் தெரிஞ்சதும் அந்தப் பக்கத்து ரப்பர் புஷ், வாஷர், கிளிப் நட்டை மாத்துங்க. சென்னையில ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை பக்கம் கிடைக்கும். மத்த ஊர்ல ஸ்பேர்ஸ் கடையில பழைய புஷ்ஷைக் காட்டினாலே எடுத்துக் கொடுத்துடுவாங்க. ரெண்டு பிளாஸ்டிக் உரசுற இடத்துல ஃபோம் டேப் ஒட்டலாம். பழைய சைக்கிள் டியூபை வெட்டி வச்சாலும் அதே வேலை செய்யும்.

மாட்டறதுலதான் சூட்சுமம். ஒரு ஸ்க்ரூவை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனா பேனல் இழுபட்டு நிக்கும், சத்தம் திரும்ப வரும். எல்லாத்தையும் பாதி முறுக்கி, பேனல் தானா உட்கார்ந்ததும் கடைசியா இறுக்குங்க. அதுவும் அளவோட, பிளாஸ்டிக் விரிசல் விட்டா செலவு எகிறும். ஸ்க்ரூ கழலக் கூடாதுன்னு த்ரெட்லாக்கர் ஊத்தற பழக்கமும் இங்க வேணாம். சில வகை பிளாஸ்டிக் அதுபட்டா வெடிச்சுடும். முடிச்சதும் ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, ஒயரோ கேபிளோ மாட்டிக்குதான்னு கட்டாயம் பாருங்க.

காது உடைஞ்சிருந்தா? பேனல் உள்பக்கம் 'ஏபிஎஸ்', 'பிபி'ன்னு ஆங்கில எழுத்துல அச்சாகியிருக்கும். (இது பிரேக் ஏபிஎஸ் இல்ல, பிளாஸ்டிக் வகை.) ஏபிஎஸ்னா எபாக்ஸி ஓரளவு பிடிக்கும். பிபின்னா சாதாரண பசை எதுவும் நிக்காது, பிளாஸ்டிக் வெல்டிங்தான். முழு பேனல் மாத்தறது கடைசி வழி.

'இன்ஷூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணலாமே'ன்னு யோசிக்காதீங்க. தேய்மானத்துக்கு கிளெய்மே கிடையாது. விழுந்து உடைஞ்சிருந்தாலும், தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தா ஒண்ணும் வராது. ஓன் டேமேஜ் இருந்தாலும் சாதாரண பாலிசியில பிளாஸ்டிக்குக்கு 50% கழிச்சுத்தான் கொடுப்பாங்க. அதோட நோ கிளெய்ம் போனஸும் போயிடும். 5 வருஷம் கிளெய்ம் இல்லாம ஓட்டினவங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்துல 50% தள்ளுபடி. ஒரு சின்ன பேனலுக்காக அதை விடறது நஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. சத்தம் இல்லாம, ஹேண்டில், ஃபுட்ரெஸ்ட் எல்லாம் புதுசா அதிர ஆரம்பிச்சிருந்தா அது ஃபேரிங் பிரச்சனை இல்ல. இன்ஜின் மவுன்ட் போல்ட், செயின், ஃபேரிங்கைத் தாங்குற இரும்பு பிராக்கெட்ல விரிசல்னு ஏதாவது இருக்கலாம். நேரா மெக்கானிக்கிட்ட போங்க.

வண்டிக்கு 15 வருஷம் முடியப் போகுதுன்னா ஆர்.சி. புதுப்பிக்கணும், புதுப்பிச்சா 5 வருஷம் செல்லும். அந்தச் செலவு, டயர், செயின் செட் எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிட்டு, வச்சுக்கறதா விக்கறதான்னு முடிவு பண்ணுங்க. விக்கறதா இருந்தாலும் சத்தத்தை முதல்ல நிறுத்திடுங்க. வாங்க வர்றவர் டெஸ்ட் ரைடுல ஒரு கிர்ர்ர் கேட்டாலே சில ஆயிரம் குறைச்சுத்தான் கேட்பார்.