புத்தகத்தை மூடு! பரீட்சையில் தேறு!

இரவு 9 மணி.

அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டு இருக்கிறாள். கூடத்தில் மகன் உரக்கப் படிக்கிறான். ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை படிக்கிறான். தொண்டை கட்டிப் போகிறது.

அம்மாவுக்கு மகிழ்ச்சி. "பிள்ளை நன்றாகப் படிக்கிறான்" என்று நினைக்கிறாள்.

பரீட்சை வருகிறது. கேள்வித்தாளைப் பார்க்கிறான். "இது படித்த பாடம்தானே! அந்தப் பக்கத்தில் மேலே ஒரு படம்கூட இருக்குமே!" என்று எண்ணுகிறான். பக்கம் நினைவுக்கு வருகிறது. பதில் வரவில்லை!

அவன் சோம்பேறியா? இல்லை. மக்கா? அதுவும் இல்லை. பின் ஏன் இப்படி?

அவன் புத்தகத்தைத் திறந்து வைத்துப் படித்தான். மூடி வைத்துப் படிக்கவில்லை. அதுதான் காரணம்!

"மூடி வைத்துப் படிப்பதா? அது எப்படி?" என்று கேட்கிறீர்களா? மேலே படியுங்கள்.

முதல் பெரிய பரீட்சை

தாத்தா காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் 11-ம் வகுப்பு. 1978-ம் ஆண்டு தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது. அதன் பிறகு எஸ்.எஸ்.எல்.சி. என்றால் 10-ம் வகுப்பு. பிள்ளைகள் சந்திக்கும் முதல் பெரிய பரீட்சை இதுதான்.

தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று 5 பாடங்கள். பாடத்துக்கு 100 மார்க்கு. மொத்தம் 500. ஒவ்வொரு பாடத்திலும் 35 வாங்கினால்தான் தேர்ச்சி.

ஒரே ஒரு பாடத்தில் தவறினாலும் வீடே கலங்கி விடுகிறது. "இனி உனக்குப் படிப்பு எதற்கு?" என்று மகளை வீட்டில் நிறுத்தி விடுகிறவர்களும் உண்டு. மகனைக் கடைக்கு வேலைக்கு அனுப்பி விடுகிறவர்களும் உண்டு. ஆகவே, எப்படிப் படிப்பது என்பது சின்ன விஷயம் அல்ல. அது ஒரு பிள்ளையின் வாழ்க்கை!

அறிஞர்கள் கண்ட உண்மை

ஜெர்மனி நாட்டில் எப்பிங்காஸ் என்று ஓர் அறிஞர் இருந்தார். மனிதனுக்கு மறதி எப்படி வருகிறது என்று அறிய விரும்பினார். அர்த்தம் இல்லாத சொற்களை எழுதி வைத்துக்கொண்டு, தாமே மனப்பாடம் செய்தார். எவ்வளவு மறந்தது என்று கணக்குப் பார்த்தார். 1885-ம் ஆண்டு அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

அவர் கண்டது என்ன? படித்த ஒரு மணி நேரத்திலேயே பெரும்பகுதி நழுவி விடுகிறது. அதன் பிறகு மறதி மெதுவாக நடக்கிறது.

அதற்கு மருந்து என்ன? அதையும் கண்டுபிடித்தார்கள்.

2006-ம் ஆண்டு அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அறிஞர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் சில பாடங்களைக் கொடுத்தார்கள். சில பாடங்களை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். வேறு சில பாடங்களை ஒரு தடவை மட்டும் படித்து, பிறகு பார்க்காமல் எழுதச் சொன்னார்கள்.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தார்கள். இரண்டு தடவை படித்த பாடமே கொஞ்சம் அதிகமாக நினைவில் இருந்தது.

ஒரு வாரம் கழித்துச் சோதித்தார்கள். நிலைமை தலைகீழ்! இரண்டு தடவை படித்த பாடம் நூற்றுக்கு 42 பங்குதான் நினைவில் நின்றது. பார்க்காமல் எழுதிய பாடமோ 56 பங்கு நின்றது!

பார்த்தீர்களா? திரும்பத் திரும்பப் படிப்பது அப்போதைக்கு இனிக்கும். மூடி வைத்து நினைத்துப் பார்ப்பது கசக்கும். ஆனால் பரீட்சை அன்று கை கொடுப்பது அந்தக் கசப்பு மருந்துதான்!

வழி இதுதான்

ஒரு பகுதியை நிதானமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு திறந்து ஒத்துப் பாருங்கள். விட்டுப்போனதைப் பென்சிலால் குறியுங்கள். அந்தக் குறியிட்ட இடம்தான் நீங்கள் படிக்க வேண்டிய இடம்!

அதையே மூன்றாம் நாள் ஒரு தடவை, ஏழாம் நாள் ஒரு தடவை எழுதிப் பாருங்கள். ஒரே நாளில் பத்துத் தடவை படிப்பதைவிட இது மேல்.

இனி, பாடம் பாடமாகப் பார்ப்போம்.

தமிழ்

"தமிழ்தானே!" என்று சிலர் அலட்சியமாக விட்டு விடுகிறார்கள். அங்கேதான் மார்க்கு போகிறது.

மனப்பாடப் பாடலை வாயால் சொன்னால் போதாது. எழுதிப் பார்க்க வேண்டும். ல, ள, ழ மாறியதா? ர, ற மாறியதா? ந, ன, ண மாறியதா? எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். திருக்குறளைச் சீர் பிரித்து எழுதிப் பழகுங்கள். முதல் அடியில் 4 சீர், இரண்டாம் அடியில் 3 சீர்.

அலகிடுதலைக் கண்டு பல பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அது கணக்கைப் போன்றது. நேர் நேர் தேமா. நிரை நேர் புளிமா. நிரை நிரை கருவிளம். நேர் நிரை கூவிளம். இந்த வாய்பாட்டைத் தெரிந்துகொண்டு, தினம் ஒரு குறளைத் தானே பிரித்துப் பார்த்தால் சில வாரங்களில் பயம் பறந்து விடும்!

கட்டுரை எழுதும் முன் குறிப்புச் சட்டம் போடுங்கள். தலைப்புகள் வரிசையாக நின்றால் கருத்துகள் தாமே வந்து சேரும்.

ஆங்கிலம்

ஆங்கிலத்தைக் கண்ணால் மட்டும் படித்தால் வராது. கையால் எழுத வேண்டும்.

ஒரு நோட்டின் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் ஆங்கிலச் சொல். வலது பக்கம் தமிழ் அர்த்தம். இடது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை எழுதுங்கள். தினம் பத்துச் சொல் போதும்.

தம்பியோ தங்கையோ இருந்தால் பாடத்தில் நாலு வரியை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்காமல் எழுதுங்கள். வாசிக்கிறவருக்கும் லாபம். எழுதுகிறவருக்கும் லாபம்!

தினமும் இரவில் அன்று நடந்ததைப் பற்றி ஐந்து வாக்கியம் சொந்தமாக எழுதுங்கள். தப்பு வரட்டும். ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். திருத்திய வாக்கியத்தை மறுபடி எழுதுங்கள். கடிதம், பத்தி எழுதும் கேள்விகளுக்கு இந்தப் பழக்கம் துணை நிற்கும்.

கணக்கு

கணக்கைப் "படிக்க" முடியாது. போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

புத்தகத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே போகும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். அது ஏமாற்று! மூடி வைத்து அதே கணக்கைப் போடுங்கள். எந்த வரியில் கை நிற்கிறதோ, அந்த வரிதான் உங்களுக்குத் தெரியாத வரி.

ஒரே மாதிரிக் கணக்கையே இருபது போடாதீர்கள். ஒரு பயிற்சியில் இரண்டு, இன்னொரு பயிற்சியில் இரண்டு என்று கலந்து போடுங்கள். பரீட்சையில் எல்லாம் கலந்துதானே வருகிறது?

கணக்குப் பரீட்சையில் 8 மார்க்குக் கேள்விகள் இரண்டு. ஒன்று வடிவியல் படம். மற்றொன்று வரைபடத் தாளில் வரைவது. இரண்டும் சேர்ந்து 16. தேர்ச்சிக்கு வேண்டிய 35-ல் ஏறக்குறையப் பாதி! கணக்கு வராது என்று கலங்கும் பிள்ளைகள் முதலில் இந்த இரண்டையும் கைவசப்படுத்திக்கொள்ள வேண்டும். காம்பசும் கூரான பென்சிலும் எடுத்து, தினம் ஒரு படம் வரைந்தால் போதும்.

விடை தெரியாவிட்டாலும் தெரிந்த படிகளை எழுதுங்கள். படிகளுக்கும் மார்க்கு உண்டு.

அறிவியல்

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறைத் தேர்வு 25. எழுத்துத் தேர்வில் குறைந்தது 20-ம், செய்முறையில் குறைந்தது 15-ம் வேண்டும். ஆகவே செய்முறை வகுப்பை ஒரு நாளும் தவற விடாதீர்கள்.

படங்களைப் பார்த்தால் போதாது. இதயத்தின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு நாலு அறைகளையும் வரையுங்கள். பாகங்களைக் குறியுங்கள். ரத்தம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று அம்புக்குறி போடுங்கள். படம் வரைந்து விட்டால் பாதிப் பதில் வந்து விட்டது!

சூத்திரத்தை வெறும் எழுத்தாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஓம் விதி என்றால், மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் வருவது. 6 வோல்ட் மின்னழுத்தமும் 3 ஓம் மின்தடையும் இருந்தால் மின்னோட்டம் 2 ஆம்பியர். இப்படி ஒரு சிறு கணக்கோடு சேர்த்து வைத்தால் சூத்திரம் மறக்காது. அலகை எழுத மறக்காதீர்கள்.

சமூக அறிவியல்

சரித்திரம் என்பது கதை. கதையை யாராவது மனப்பாடம் செய்வார்களா? சொல்லுவார்கள்!

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நாலு கேள்வி கேளுங்கள். எப்போது? எங்கே? எதனால்? என்ன ஆயிற்று? உதாரணமாக, 1930-ம் ஆண்டு காந்தியடிகள் உப்புச் சட்டத்தை எதிர்த்துத் தண்டிக்கு நடந்தார். அதே ஆண்டு ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்கள் நடந்தார்கள். உப்புக்கு வரி விதித்ததுதான் காரணம். இப்படிச் சொன்னால் ஐந்து மார்க்குக் கேள்விக்கு உயிர் வந்து விடும்.

ஒரு நீளமான தாளில் கோடு கிழித்து ஆண்டுகளை வரிசையாக எழுதுங்கள். 1806 வேலூர்ப் புரட்சி. 1920 ஒத்துழையாமை இயக்கம். 1930 உப்புச் சத்தியாகிரகம். 1942 வெள்ளையனே வெளியேறு இயக்கம். 1947 சுதந்திரம். சுவரில் ஒட்டி வையுங்கள். வாரம் ஒரு நாள், பார்க்காமல் அதே கோட்டை எழுதிப் பாருங்கள்.

பூகோளத்துக்கு வெற்று வரைபடம் வாங்குங்கள். தினம் ஐந்து இடம் குறியுங்கள். மறுநாள் அந்த ஐந்தையும் பார்க்காமல் குறித்து, புதிதாக ஐந்து சேருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை

வாரம் ஒரு பழைய கேள்வித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்காருங்கள். நடுவில் எழுந்திருக்கக் கூடாது. புத்தகத்தைப் புரட்டக் கூடாது. அசல் பரீட்சையில் எழுத 3 மணி நேரம். அதற்கு முன் கேள்வித்தாளைப் படிக்க 10 நிமிடம் தருகிறார்கள். அந்த 10 நிமிடத்தில் எதை முதலில் எழுதுவது என்று முடிவு செய்யவும் வீட்டிலேயே பழகுங்கள்.

படிக்கும் நேரத்தில் செல்போன் வேறு அறையில் இருக்கட்டும்.

விடிய விடியக் கண் விழிக்காதீர்கள். தூங்கும்போதுதான் படித்தது மனதில் பதிகிறது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள்.

தாய்மார்களே, உங்களுக்கு!

"எனக்கு எழுத்தே இப்போதுதான் கூட்டிப் படிக்க வருகிறது. பத்தாம் வகுப்புப் பாடத்தை நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?" என்று கேட்கிறீர்களா?

நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம், அம்மா! கேட்டால் போதும்.

காய் நறுக்கும்போது பிள்ளையை அருகில் உட்கார வையுங்கள். புத்தகத்தை வாங்கி உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். "இன்றைக்கு என்ன படித்தாய்? எனக்குப் புரியும்படி சொல்" என்று கேளுங்கள். நடுவில் "ஏன்?" என்று ஒரு கேள்வி போடுங்கள். பிள்ளை தடுமாறினால் திட்டாதீர்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, "பார்த்துவிட்டு வந்து சொல்" என்று அனுப்புங்கள்.

அமெரிக்க அறிஞர்கள் சோதனை செய்து கண்ட வழியும் இதுதான். மடியில் மூடிய புத்தகம், வாயில் பதில். இதற்குக் காசு வேண்டாம். டியூஷன் வேண்டாம். தினம் அரை மணி நேரம் போதும். அப்பாவும் இதைச் செய்யலாம். பாட்டியும் செய்யலாம்!

இன்னும் ஒன்று. ஒரு பாடத்தில் தவறி விட்டால் உலகம் முடிந்து விடாது. துணைத் தேர்வு இருக்கிறது. தவறிய பாடத்தை மட்டும் எழுதித் தேறி, மேலே படிக்கலாம். பிள்ளை மனம் உடைந்து இருந்தால் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்து ஆலோசனை கேட்கலாம். அந்த நேரத்தில் வீட்டில் ஏச்சு வேண்டாம். "சாப்பிட வா" என்ற ஒரு சொல் போதும்.

மாணவ-மாணவிகளே! இன்று இரவு ஒரு பாடத்தை எடுங்கள். ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள்.

பிறகு, புத்தகத்தை மூடி அம்மாவின் கையில் கொடுங்கள்!