எலுமிச்சை லாரியும் ஆகாய விமானமும்

பிள்ளைகளே! எங்கள் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர் போன ஊர். மூட்டை மூட்டையாக லாரியில் ஏறும் பழம், தென்காசி, செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குப் போகும்.

ஒருநாள் பேரனோடு டீக்கடையில் நின்றேன். "டீசல் போட்டே கட்டுபடி ஆகல. விலையில பெரும்பங்கு வரிக்கே போயிருது" என்று புலம்பினார் லாரி டிரைவர். அப்போது தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. "தாத்தா, அதுவும் வரி கட்டுமா?" என்றான் பேரன்.

வாத்தியார் வேலை பார்த்த எனக்குப் பதில் தெரியவில்லை! தேடிப் படித்த பிறகுதான் சொன்னேன்.

சென்னையிலிருந்து டில்லிக்குப் போகும் உள்நாட்டு விமானம் என்றால், எரிபொருளுக்கு மத்திய அரசின் வரியும் உண்டு. மாநில அரசின் வரியும் உண்டு. ஆனால் நாடு விட்டு நாடு பறக்கும் விமானம்? 1944-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. வேறு நாட்டிலிருந்து வந்து இறங்கும் விமானத்தின் டாங்கியில் இருக்கும் எரிபொருளுக்கு வரி கேட்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. பிறகு நாடுகள் தங்களுக்குள் பேசி, புறப்படும்போது நிரப்பும் எரிபொருளுக்கும் பெரும்பாலும் அந்தச் சலுகையைக் கொடுத்துவிட்டன. அன்றைக்கு விமானப் போக்குவரத்து வளர வேண்டியிருந்தது. புகையால் பூமி சூடாகும் என்று அப்போது யார் கவலைப்பட்டார்கள்?

சரி, புகைக்கென்றே நம் நாட்டில் வரி போட்டதுண்டா? உண்டு! நிலக்கரிக்குப் போட்டார்கள்.

நிலக்கரியில் இருக்கும் கார்பன், எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. அதனால்தான் ஒரு கிலோ நிலக்கரியை எரித்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வாயு வருகிறது. கரியைவிடப் புகை கனம்! வேடிக்கையாக இல்லை?

2010-ஆம் ஆண்டு பட்ஜெட்டில், நிதி அமைச்சராக இருந்த பிரணாப் முகர்ஜி, ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் வரி கொண்டு வந்தார். அந்தப் பணத்தில் காற்றாலை, சூரிய மின்சாரம் போன்றவற்றை வளர்ப்பது என்று திட்டம். 2016-இல் அது 400 ரூபாய் ஆனது. அதாவது கிலோவுக்கு 40 காசு. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி வேண்டும். அப்படியானால் யூனிட்டுக்கு எத்தனை காசு? கணக்குப் போடுங்கள் பார்ப்போம். 28 காசு!

எனக்கு வருத்தம் தந்த கணக்கு வேறு. 2010 முதல் 2018 வரை இந்த வரியில் வசூலானது சுமார் 86 ஆயிரம் கோடி ரூபாய். தூய எரிசக்தி நிதிக்குப் போனது 30 ஆயிரம் கோடிக்கும் குறைவு. அதிலும் திட்டங்களுக்குச் செலவானது ஏறக்குறைய 16 ஆயிரம் கோடிதான். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும், அந்த 400 ரூபாய், வருமானம் குறைந்த மாநிலங்களுக்கு ஈடு கட்டப் போனது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் நின்றுவிட்டது. பதிலாக, நிலக்கரிக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் ஆகியிருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பேரன் யோசித்தான். "அப்போ லாரி மாமா கட்டுறார், கரன்ட் பில்லுல நாமளும் கட்டுறோம். வெளிநாட்டு விமானம் மட்டும் சும்மா பறக்குதா தாத்தா?" என்றான்.

மறுநாள் அந்த டிரைவரிடமும் போய் இதைச் சொல்லியிருக்கிறான். "அடுத்த தடவ எலுமிச்சம்பழத்த விமானத்துலயே ஏத்திருவோம் தம்பி" என்று சிரித்தாராம் அவர்!