லினக்ஸுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வரும் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டால் ஓராண்டு தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் ப்ராசஸர் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. தூத்துக்குடி ஜெராக்ஸ் கடையிலும் ஏரல், கொற்கைப் பக்கத்து வீடுகளிலும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷின்கள் இந்தக் கணக்கில் தேறாது. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடும் முன் முயன்று பார்க்க ஒரு வழி உண்டு. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளம், அதன் பெயர் லினக்ஸ்.

பெயர்தான் புதிது, பொருள் கையிலேயே இருக்கிறது. திரேஸ்புரத்தில் படகேறும் மீனவர் பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். 1991-இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது அது. அதற்கு முன்பே, 1983-இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று உபுண்டு, டெபியன், மின்ட் என்று பல பெயர்களில் கிடைக்கிறது.

‘இது இலவசம்’ என்று சொல்லி லினக்ஸை நம்மூரில் விற்க முடியாது. விண்டோஸும் நம் பலருக்கு ‘இலவசமாகத்தான்’ வந்து சேர்ந்தது. கடைக்காரர் எந்த சிடியிலிருந்து ஏற்றினார் என்று நாம் கேட்டதில்லை. காசுக்கு அப்பால் ஒரு விஷயம் இருக்கிறது. தூத்துக்குடிக்காரருக்கு அதை விளக்குவது சுலபம். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், எதிரே நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. கடைசியில் ஆட்களைச் சும்மாவே ஏற்றிக்கொண்டு, கையில் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். டிக்கெட் காசு மிச்சம், ஆனால் கப்பல் யாருடையது? லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில் எழும் கேள்வியும் அதுவே. நிரலைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், நகலெடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். உரிமமே அதற்கு அனுமதி தருகிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் பரவவில்லை? 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. மெஷினை ஆன் செய்ததும் எது வேண்டும் என்று திரை கேட்டது. பிள்ளைகள் பலர் பழகிய பக்கமே போனார்கள். குறை அவர்களுடையதல்ல. அந்தப் பக்கம் போனால் சந்தேகம் கேட்க ஊரில் ஆளில்லை.

அந்த ஆளை உண்டாக்கும் வேலையைத்தான் லினக்ஸ் பயனர் குழுக்கள் செய்கின்றன. சென்னைக் குழு 1998-இலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை கூடிவருகிறது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரம் குழுவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பெரிய ஐடி கம்பெனிகள் இல்லாத ஊர் அது. சுற்றுவட்டாரக் கிராமத்து மாணவர்களுக்கு அங்கே பத்தாண்டுக்கும் மேலாகக் காசு வாங்காமல் கற்றுத் தருகிறார்கள். கற்றுக்கொண்டவர்கள் அடுத்து வருபவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். தமிழில் படிக்க விரும்புவோருக்கு 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழும், அதன் வழியே வந்த ‘எளிய தமிழில்’ வரிசை மின்னூல்களும் இருக்கின்றன.

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையில் உலகெங்கும் மென்பொருள் சுதந்திர தினம் கொண்டாடுகிறார்கள். கல்லூரிகளில் பேனர், சிறப்பு விருந்தினர், சான்றிதழ் எல்லாம் உண்டு. என்னைக் கேட்டால், அந்த விழாவைவிட அதற்கு அடுத்த வார ஞாயிறுதான் முக்கியம். லினக்ஸ் போட்டவருக்குப் பிரின்டர் மக்கர் செய்வது அந்த வாரத்தில்தானே!

இத்தகைய ஞாயிற்றுக் கூட்டத்தில், லினக்ஸ் நிறுவும் மேசையில் நடப்பது இதுதான். உட்கார்ந்ததும் முதல் கேள்வி: “போட்டோ, கணக்கு எல்லாம் வேற எங்க வச்சிருக்கீங்க?” வேறெங்கும் இல்லை என்றால் முதலில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்குக்கு நகல். அடுத்து, விண்டோஸில் டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்வது. இதை மறந்தால் பிறகு விண்டோஸ் பக்கம் திறக்காமல் போகலாம். அப்புறம்தான் பென் டிரைவ். அதிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், மெஷினில் எதுவும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் கேட்கிறதா, பிரின்டர் தெரிகிறதா என்று பார்த்துத் திருப்தியானால் மட்டும் நிறுவலாம். மின்ட் போன்றவற்றுக்கு 2 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் சௌகரியம். நிறுவும்போது டிஸ்க் முழுவதையும் அழிக்கவா என்று திரை கேட்கும் இடத்தில் மட்டும், தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தமிழ் தட்டுவது பெரும்பாலோர் நினைப்பதைவிடச் சுலபம். தமிழ்99, பழைய தட்டச்சுமுறை, ஆங்கில எழுத்தில் அடிக்கும் முறை மூன்றுமே உண்டு. பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பழைய கோப்புகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எல்லா மெஷினுக்கும் இது ஒத்துவராது. டாலி விண்டோஸுக்காகவே செய்யப்பட்டது; கணக்கெழுதும் கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள். போட்டோஷாப், பேஜ்மேக்கரில் பிழைப்பு நடத்தும் அச்சகமும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகிச் சுங்கப் படிவம் அனுப்பும் ஷிப்பிங் ஆபீசும், வேலை செய்யும் மெஷினை விட்டுவிட்டு ஓரமாகக் கிடக்கும் ஒன்றில் பழகிப் பார்ப்பதே நல்லது. பிரவுசரும் லிப்ரே ஆபீசும் போதும் என்கிற வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தயங்க வேண்டியதில்லை.

தூத்துக்குடியில் இப்படி ஒன்றைக் கூட்ட பெரிய மண்டபம் தேவையில்லை. நூலகத்திலோ பள்ளியிலோ ஓர் அறை, நாலைந்து பிளக் பாயின்ட், ஒரு நெட் இணைப்பு, பத்து பென் டிரைவ். கிடைப்பதற்கரியது, வாராவாரம் வந்து உட்கார ஒத்துக்கொள்ளும் இரண்டு பேர். அவர்கள் அமையும்வரை காஞ்சிக் குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆன்லைனிலேயே கலந்துகொள்ளலாம். பேச்சு தமிழில்தான், எவ்வளவு சின்னச் சந்தேகமானாலும் கேட்கலாம்.