குளவி மோப்பம் பிடிப்பது புழுவை அல்ல

ஒட்டுண்ணிக் குளவின்னதும் நம்ம சுவத்துல மண்கூடு கட்டுற குளவியை நினைச்சுக்காதீங்க. இது எறும்பு சைஸ்தான். உயிரோடு இருக்கும் புழுவின் உடம்புக்குள் முட்டை வைக்கும். பொரித்து வரும் குஞ்சு அந்தப் புழுவை உள்ளிருந்தே தின்று வளரும்.

சரி, அவ்வளவு பெரிய வயலில் ஒரு புழுவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? புழுவின் வாசனையை வைத்துதான்னு நானும் நினைச்சிருந்தேன். ஆனா வாசனையைப் பரப்பும் புழு தன் எதிரியைத் தானே கூப்பிடுது. அதனால மிஞ்சியிருப்பவை எல்லாம் அடக்கி வாசிக்கிற புழுக்கள்தான்.

1990-ல் அமெரிக்காவில் டர்லிங்ஸ், டம்லின்சன், லூயிஸ் என்ற மூவர் மக்காச்சோள நாற்றை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இலையை வெறுமனே கீறினால், புல் வெட்டும்போது வருமே, அந்தப் பச்சை வாசனைதான் வரும், சீக்கிரமே அடங்கிவிடும். அதே கீறலில் புழுவின் எச்சிலைத் தடவினால்? சில மணி நேரம் கழித்து, செடி டெர்பீன், இண்டோல் போன்ற வேதிப்பொருள்களைக் காற்றில் விட ஆரம்பிக்குது. கடிபடாத இலைகளிலிருந்தும் அது வருதுன்னு பிறகு தெரிந்தது. கொட்டீசியா என்ற குளவி பறந்து வருவது இந்த வாசனையைப் பிடித்துத்தான்.

எச்சிலில் அப்படி என்ன இருக்கு? 1997-ல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 'வாலிசிட்டின்' என்று பெயர் வைத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை: அந்த மூலக்கூறின் ஒரு பாதி, புழு தின்ற இலையிலிருந்தே வந்த கொழுப்பு அமிலம். புழு தன் பங்காக ஒரு அமினோ அமிலத்தைச் சேர்த்துக் கோத்திருக்கு.

குளவிக்கு இதெல்லாம் பிறவியிலேயே தெரிஞ்சதுன்னும் சொல்ல முடியாது. அது கத்துக்கும். மைக்ரோப்ளைட்டிஸ் என்ற இன்னொரு குளவியை, புழு எச்சத்தைத் தொடும் நேரத்தில் வெனிலா வாசனையை முகர வைத்தார்கள். அடுத்த முறை அது வெனிலாவைத் தேடிப் பறந்தது!

"செடி உதவி கேட்டுக் கூப்பிடுது"ன்னு இதை எழுதுவாங்க. எனக்கு அது அவ்வளவாக ஒப்பவில்லை. காற்றில் விட்ட வாசனையை யார் வேணும்னாலும் முகரலாம். லைசிபியா என்று ஒரு குளவி இருக்கு. அது முட்டை வைப்பது கொட்டீசியாவின் கூட்டுப்புழுவில். உள்ளே கொட்டீசியா வளரும் புழு கடிச்சா, முட்டைக்கோஸ் செடியின் வாசனை கொஞ்சம் மாறுது. அந்த வித்தியாசத்தைப் பிடித்தே லைசிபியா வந்து சேருதுன்னு 2012-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள்.