கமோவலேவா: புவியின் போலித் துணைக்கோளும் அதன் சுற்றுப்பாதையும்

ஆய்வுச் சுருக்கம்

2016ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட கமோவலேவா என்னும் சிறுகோள், புவியிலிருந்து நோக்கும்போது ஆண்டுக்கு ஒருமுறை புவியைச் சுற்றி வருவதாகத் தோன்றுகிறது. உண்மையில் அது சூரியனையே சுற்றுகிறது. இத்தோற்றம் எவ்வாறு உண்டாகிறது, ஒரு பொருளைப் புவியின் துணைக்கோள் எனக் கொள்வதற்கான அளவுகோல் எது, இச்சிறுகோளின் இயக்கத்தில் புவியின் ஈர்ப்பு ஆற்றும் பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்விளக்கத்தின் அடிப்படையில் 'போலித் துணைக்கோள்' என்னும் கலைச்சொல்லின் பொருத்தமும், சிறுகோளின் தோற்றுவாய் பற்றிய அண்மைக்கால ஆய்வுகளும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிறுகோள், போலித் துணைக்கோள், சுற்றுப்பாதை, ஒத்திசைவு, ஹில் கோளம், கலைச்சொல்லாக்கம்

1. முன்னுரை

புவியை நெருங்கிவரும் சிறுகோள்கள் குறித்த செய்திகளில் 'இரண்டாம் நிலா' என்னும் தொடர் அடிக்கடி இடம்பெறுகிறது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் புவிக்கு அருகே தங்கி விலகிய 2024 பிடி5 என்னும் சிறுகோள் 'குறுநிலா' எனப்பட்டது. அது புவியை ஒருமுறைகூட முழுமையாகச் சுற்றவில்லை. 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட 2006 ஆர்எச்120 என்னும் சில மீட்டர் அளவுள்ள பொருளோ புவியின் ஈர்ப்பில் உண்மையாகவே அகப்பட்டுச் சில சுற்றுகளை முடித்து, 2007இல் வெளியேறியது. கமோவலேவா இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அது புவியின் பிடிக்குள் என்றும் நுழையாமலேயே, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் புவியைச் சூழ்ந்து வருகிறது.

இம்மூவகை இயக்கங்களையும் 'நிலா' என்னும் ஒரே சொல்லால் சுட்டும்போது அவற்றின் அடிப்படை வேறுபாடு மறைந்துபோகிறது. அவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கண்டறிதலும் பெயரும்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் மாவி தீவிலுள்ள ஹலேயகலா மலையுச்சியில் அமைந்த பான்-ஸ்டார்ஸ் 1 தொலைநோக்கி, 2016 ஏப்ரல் 27 அன்று இச்சிறுகோளைப் பதிவு செய்தது. 2016 எச்ஓ3 என்னும் தற்காலிகக் குறியீட்டையும், பின்னர் 469219 என்னும் நிலையான எண்ணையும் இது பெற்றது. 2019ஆம் ஆண்டு 'கமோவலேவா' என்னும் பெயர் ஏற்பளிக்கப்பட்டது. ஹவாய் மக்களின் படைப்புப் பாடலான குமுலிப்போவிலிருந்து எடுக்கப்பட்ட இப்பெயர், அசைந்தாடும் விண்துண்டு என்னும் பொருள் தருவது. புவிக்கு முன்னும் பின்னுமாக ஊசலாடும் பொருளுக்கு இப்பெயர் இயக்கவியல் நோக்கிலும் பொருந்துகிறது.

இதன் குறுக்களவு ஏறத்தாழ 40 முதல் 100 மீட்டர் வரை இருக்கலாம் என மதிப்பிடப்பட்டுள்ளது. இது தன்னைத்தானே சுற்றிக்கொள்ள ஏறத்தாழ 28 நிமிடங்களே ஆகின்றன. மிக மங்கலான பொருளாதலால், ஆண்டுதோறும் ஏப்ரலை ஒட்டிய சில வாரங்களில் மட்டுமே பெருந்தொலைநோக்கிகளால் இதனை நன்கு ஆராய இயலும்.

3. சுற்றுப்பாதையின் அளவுகள்

கமோவலேவாவின் சுற்றுப்பாதை, அரை நெட்டச்சு ஏறத்தாழ 1.001 வானியல் அலகு கொண்ட ஒரு நீள்வட்டம். புவிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவான ஏறத்தாழ 15 கோடி கி.மீ. ஒரு வானியல் அலகாகும். அரை நெட்டச்சு புவியினுடையதற்கு மிக நெருங்கியிருப்பதால், கெப்ளரின் மூன்றாம் விதிப்படி சுற்றுக்காலமும் நெருங்கியதாகவே அமைகிறது. சிறுகோள் சூரியனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 366 நாள்கள் ஆகின்றன.

பாதையின் மையத்தொலைத் தகவு ஏறத்தாழ 0.10. ஆகவே சிறுகோள் சூரியனுக்கு மிக அருகில் வரும்போது 0.90 வானியல் அலகிலும், மிகத் தொலைவில் செல்லும்போது 1.10 வானியல் அலகிலும் இருக்கிறது. பாதையின் தளம் புவிப்பாதையின் தளத்திற்கு ஏறத்தாழ 8 பாகை சாய்ந்துள்ளது. இச்சாய்வினால் சிறுகோள் ஆண்டில் ஒருமுறை புவிப்பாதைத் தளத்திற்கு மேலும் ஒருமுறை கீழுமாக, ஏறத்தாழ 2 கோடி கி.மீ. வரை விலகுகிறது.

4. சுற்றுவது போன்ற தோற்றம்

ஒரு பொருள் சூரியனை நெருங்கும்போது விரைவதும் விலகும்போது தளர்வதும் கெப்ளரின் இரண்டாம் விதியின் விளைவு. கமோவலேவா புவிப்பாதைக்கு உட்புறத்தில் இருக்கும் அரையாண்டில் புவியைவிட விரைந்து சென்று அதனை முந்துகிறது. வெளிப்புறத்தில் இருக்கும் அரையாண்டில் வேகம் குறைந்து பின்தங்குகிறது. உட்புறமாக முந்துதல், வெளிப்புறமாகப் பின்தங்குதல் ஆகிய இவ்விரண்டும் இணையும்போது, புவியிலிருந்து நோக்குபவருக்கு அது புவியை வலம்வருவதாகத் தெரிகிறது.

ஓட்டத்தடத்தில் ஓடும் இருவரைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம். ஒருவர் நடுத்தடத்தில் சீரான வேகத்தில் ஓடுகிறார். மற்றவர் உட்தடத்தில் விரைந்து முந்துகிறார். பின்னர் வெளித்தடத்திற்கு நகர்ந்து மெதுவாக ஓடிப் பின்தங்குகிறார். இருவரும் ஒரு சுற்றை ஒரே நேரத்தில் முடிக்கின்றனர். முதலாமவரின் பார்வையில் இரண்டாமவர் ஒவ்வொரு சுற்றிலும் தம்மை ஒருமுறை சுற்றி வருகிறார். ஆனால் இரண்டாமவர் ஓடுவது திடலின் மையத்தைச் சுற்றியே.

இத்தோற்றச் சுற்றின் அளவையும் எளிதில் கணிக்கலாம். சூரியத் திசையில் அதன் அரைநீளம், அரை நெட்டச்சையும் மையத்தொலைத் தகவையும் பெருக்கிக் கிடைப்பது. அதாவது ஏறத்தாழ 1.5 கோடி கி.மீ. புவி செல்லும் திசையில் அதன் அரைநீளம் இதைப்போல் இருமடங்கு; அதாவது ஏறத்தாழ 3 கோடி கி.மீ. பாதைத் தளத்தின் சாய்வையும் நெடுங்கால ஊசலாட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், சிறுகோள் நிலவின் தொலைவைப்போல் ஏறத்தாழ 38 மடங்கிற்கும் 100 மடங்கிற்கும் இடையே உலவுகிறது.

5. துணைக்கோளுக்கான அளவுகோல்

புவி, சூரியன் ஆகிய இரண்டில் எது ஒரு பொருளை வலிமையாக ஈர்க்கிறதோ அதனையே அப்பொருள் சுற்றுகிறது என்று கருதுவது இயல்பு. இக்கருத்தை நிலவுக்குப் பொருத்திப் பார்த்தால் அதன் குறை புலப்படும். சூரியனின் நிறை புவியின் நிறையைப்போல் ஏறத்தாழ 3,33,000 மடங்கு. நிலவிலிருந்து சூரியன் இருக்கும் தொலைவு, புவி இருக்கும் தொலைவைப்போல் ஏறத்தாழ 390 மடங்கு. ஈர்ப்பு, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், நிலவின்மீது சூரியனின் ஈர்ப்பே புவியின் ஈர்ப்பைப்போல் இருமடங்கிற்கும் சற்று மிகுதியாக அமைகிறது. ஈர்ப்பின் வலிமை மட்டுமே அளவுகோலாயின் நிலவையும் புவியின் துணைக்கோள் எனல் இயலாது.

உண்மையான அளவுகோல் வேறு. சூரியன் நிலவை மட்டுமன்றிப் புவியையும் ஏறத்தாழ அதே அளவு முடுக்குகிறது. இருவர்க்கும் பொதுவான அம்முடுக்கம் அவர்களைப் பிரிப்பதில்லை. இரண்டின்மீதும் சூரியன் செலுத்தும் ஈர்ப்புகளுக்கு இடையிலான வேறுபாடே அவற்றைப் பிரிக்க முயல்கிறது. நிலவின் தொலைவில் இவ்வேறுபாடு புவியீர்ப்பின் ஏறத்தாழ தொண்ணூறில் ஒரு பங்கே. ஆதலின் நிலவு புவியுடன் உறுதியாகப் பிணைந்துள்ளது.

தொலைவு கூடக்கூடப் புவியீர்ப்பு குறைகிறது. சூரிய ஈர்ப்பின் வேறுபாடோ மிகுகிறது. புவியின் பிணைப்பு நிலைக்கக்கூடிய எல்லையை ஹில் கோளம் என்பர். அதன் ஆரம் ஏறத்தாழ 15 இலட்சம் கி.மீ. நிலவு 3.84 இலட்சம் கி.மீ. தொலைவில், அதாவது அக்கோளத்தினுள் ஆழமாக அமைந்துள்ளது. கமோவலேவா மிக நெருங்கி வரும்போதும் இவ்வெல்லையைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு தொலைவில் நிற்கிறது. சூரியத் திசையில் அத்தொலைவுக்கு மேற்கண்ட கணக்கைச் செய்தால், சூரிய ஈர்ப்பின் வேறுபாடு புவியீர்ப்பைப்போல் அறுநூறு மடங்கிற்கும் மேலாக அமைகிறது. எனவே நிலவைப் பிணைத்துள்ள முறையில் புவி இச்சிறுகோளைப் பிணைத்திருக்க இயலாது.

6. புவியின் பங்கு

அவ்வாறாயின் இத்துணை ஒத்த இயக்கம் தற்செயலானதா என்னும் வினா எழுகிறது. புவியின் ஈர்ப்புக்கு எவ்விதப் பங்கும் இல்லையெனில், சுற்றுக்காலங்களின் சிறு வேறுபாடே இருவரையும் பிரித்துவிடும். ஆண்டுக்கு ஒரு நாள் வேறுபாடு, பாதையில் ஏறத்தாழ ஒரு பாகை விலகலாகும். அது தடையின்றிச் சேர்ந்துகொண்டே போனால் இரு நூற்றாண்டுகளுக்குள் சிறுகோள் சூரியனின் மறுபுறம் சென்றுவிடும்.

புவியின் மெல்லிய ஈர்ப்பு இவ்விலகலைத் திருத்துகிறது. சிறுகோள் வரையும் தோற்றச் சுற்றின் மையம் புவிக்குச் சற்று முன்னே நகர்ந்துவிட்டதாகக் கொள்வோம். அப்போது அச்சுற்றின் பின்விளிம்பு புவியை நெருங்குகிறது, முன்விளிம்பு அகல்கிறது. சிறுகோள் பின்விளிம்பில் இருக்கும்போது புவி அதனை முன்னோக்கி இழுக்கிறது. முன்விளிம்பில் இருக்கும்போது பின்னோக்கி இழுக்கிறது. பின்விளிம்பே அருகில் உள்ளதால் முன்னோக்கிய இழுப்பு மேலோங்குகிறது. சிறுகோள் சிறிது ஆற்றல் பெறுகிறது. ஆற்றல் பெற்ற பொருளின் சுற்றுப்பாதை விரிவடைந்து சுற்றுக்காலம் நீள்வதால், சிறுகோள் ஆண்டுதோறும் சிறிதளவு பின்தங்கிப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. மையம் பின்னே நகர்ந்தால் இதற்கு நேர்மாறான திருத்தம் நிகழ்கிறது.

இவ்வாறு சுற்றுக்காலம் சராசரியில் ஓராண்டாகவே பேணப்படுவதை ஒன்றுக்கொன்று ஒத்திசைவு என்பர். இப்பிணைப்பு நிலையானதன்று. இச்சிறுகோளின் இயக்கத்தை 2016இல் ஆராய்ந்த கார்லோஸ், ராவுல் தெ லா ஃபுவென்தே மார்கோஸ் ஆகியோர், அது போலித் துணைக்கோள் நிலைக்கும் குதிரைலாட வடிவப் பாதைக்கும் இடையே மாறிமாறி இயங்குவதைக் காட்டினர். இரண்டாம் நிலையில் அது புவியை நெருங்கும்போதெல்லாம் திரும்பிச் சென்று, நெடுங்காலம் சூரியனின் மறுபுறம் உலவும். இப்போதைய நிலை மேலும் சில நூற்றாண்டுகள் தொடரும் எனக் கணிக்கப்பட்டுள்ளது.

7. 'போலி' என்னும் அடைமொழி

மேற்கண்ட விளக்கம் கலைச்சொல்லைத் தேர்வதற்கும் துணைசெய்கிறது. 'அரைத் துணைக்கோள்' என்பது பாதியளவு பிணைப்பு உள்ளதாக எண்ணவைக்கும். 'குறுநிலா' என்பது அளவை மட்டும் சுட்டி, பிணைப்பு உண்டு எனக் கருதவைக்கும். 'போலித் துணைக்கோள்' என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இன்றைய வழக்கில் 'போலி' என்னும் சொல் போலி மருந்து, போலிச் சான்றிதழ் என ஏமாற்றைக் குறித்து வருவதால் இதற்கு மறுப்பு எழலாம். ஆனால் தமிழ் இலக்கண மரபு இச்சொல்லுக்கு வேறொரு பொருளை வழங்கியுள்ளது. நன்னூல் இயல்பு வழக்கை இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என மூன்றாகப் பகுக்கிறது. 'இல்முன்' என அமைய வேண்டியது 'முன்றில்' என வழங்குவதை உரைகள் இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டும். இலக்கண அமைதி இல்லாதிருந்தும் இலக்கணமுடையது போலவே தொன்றுதொட்டு வழங்கிவருவதால் அது பிழையெனத் தள்ளப்படாமல் ஏற்கப்படுகிறது. அமைப்பால் வேறாகவும் ஒழுக்கத்தால் ஒத்ததாகவும் இருப்பதே இங்குப் 'போலி' எனப்படுகிறது. துணைக்கோளுக்குரிய பிணைப்பின்றித் துணைக்கோள் போலவே இயங்கும் கமோவலேவாவுக்கு இப்பொருள் நன்கு பொருந்தும். பொதுவாசகர்க்கான நூல்களில் முதன்முறை ஆளும்போது இப்பொருளைக் குறித்துவிடின் மயக்கம் நேராது.

8. தோற்றுவாய்

கமோவலேவாவின் பாதை மட்டுமன்றி அதன் பொருண்மையும் ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்துள்ளது. பெஞ்சமின் ஷார்க்கி தலைமையிலான குழு, அரிசோனாவிலுள்ள பெரிய இருகண் தொலைநோக்கி முதலியவற்றைக் கொண்டு அதன் எதிரொளிப்பு நிறமாலையை ஆராய்ந்து, 2021இல் முடிவுகளை வெளியிட்டது. அந்நிறமாலை வழக்கமான புவியண்மைச் சிறுகோள்களினுடையதைவிட மிகுதியும் செம்மை சார்ந்திருந்தது. விண்வெளிச் சூழலில் மாற்றமுற்ற நிலவுப்பாறைகளின் நிறமாலையை ஒத்திருந்தது. ஆகவே, நிலவின்மீது நிகழ்ந்த மோதலொன்றில் வெளியே எறியப்பட்ட துண்டாக இது இருக்கலாம் என்னும் கருதுகோள் முன்வைக்கப்பட்டது. யிஃபெய் ஜியாவ் தலைமையிலான குழு 2024இல், நிலவின் மறுபக்கத்திலுள்ள 22 கி.மீ. விட்டமுடைய ஜியோர்டானோ புருனோ என்னும் இளம் மோதற்குழியை இதன் பிறப்பிடமாகக் கருதலாம் எனக் கணினி உருவகங்களின் வழியே வாதிட்டது.

நிறமாலை ஒப்புமை வலிய சான்றாயினும் முடிந்த முடிபன்று. மாதிரியை நேரில் ஆராய்வதே வழி. இந்நோக்கில் சீனாவின் தியான்வென் 2 விண்கலம் 2025 மே மாதம் ஏவப்பட்டது. 2026இல் சிறுகோளை அடைந்து, 2027 இறுதியில் மாதிரியைப் புவிக்குக் கொணரும் வகையில் அதன் பயணம் வகுக்கப்பட்டுள்ளது. 28 நிமிடச் சுழற்சியின் காரணமாகச் சிறுகோளின் நடுவரைப் பகுதியில் வெளிநோக்கித் தள்ளும் விளைவு, அதன் மிகச் சிறிய ஈர்ப்பை விஞ்சி நிற்கிறது. தளர்ந்த கற்கள் அங்கே தங்குவது அரிது. எனவே மாதிரி எடுத்தலே கடினமான பணியாகும்.

9. முடிவுரை

கமோவலேவா சூரியனின் ஈர்ப்பில் இயங்குகிறது. புவியின் ஈர்ப்பு அதன் சுற்றுக்காலத்தை மட்டும் திருத்தித் தன் அருகே நிறுத்துகிறது. ஹில் கோளத்தினுள் அமைந்த பிணைப்பையும், ஒத்திசைவால் நேரும் உடனிருப்பையும் வேறுபடுத்தி உரைக்கும் சொற்கள் தமிழில் நிலைபெறுதல் வேண்டும். 'இரண்டாம் நிலா' என்னும் தொடர் அத்தேவையை நிறைவு செய்யாது.

புவி, நிலவு ஆகியவற்றின் ஆக்சிசன் ஓரிடத்தான் விகிதங்கள் ஏறத்தாழ ஒன்றாகவும், பெரும்பாலான விண்கற்களின் விகிதங்களிலிருந்து வேறுபட்டும் உள்ளன. கொணரப்படும் மாதிரியில் இவ்விகிதத்தை அளந்தால் தோற்றுவாய் பற்றிய வினா பெரிதும் தெளிவுறும். நிலவே இதன் பிறப்பிடம் என உறுதியாயின், உண்மைத் துணைக்கோளிலிருந்து பிரிந்த துண்டொன்று போலித் துணைக்கோளாக இயங்குவது மெய்ப்படும். புவியை நெருங்கிவரும் சிறுகோள்களுள் நிலவிலிருந்து பிறந்தவை எத்துணை என்னும் வினாவும் அப்போது புதிதாக ஆராயப்பட வேண்டியதாகும்.